பொற்காப்பு பூட்டிய எழுதுகோல்

எழுதுகோலை அடக்க ஆதிக்கக்காரர் கையாளும் முறைகளை நாம் அறிவோம். ஏட்டைப் பறிமுதல் செய்வர். பிணையத் தொகை கேட்பர். அச்சகத்துக்குப் பூட்டுப் போடுவர். ஆசிரியனைச் சிறைக்கு அனுப்புவர். இத்தனைக்கும் அஞ்சாது எழுதியவர்கள் எத்தனையோ பேர். அத்தகையோரை அடக்க வேறொரு முறையும் இருக்கிறது. அதிலே அடியில்லை, உதையில்லை. மலர்மாலை உண்டு, மாளிகை உண்டு, மணக்கும் விருந்து உண்டு, பொற்காப்பும் உண்டு! மிரட்டலுக்கு மசியாத எழுதுகோல், உபசாரத்துக்கு எப்படி வளைந்து கொடுத்தது என்பதை ஒரு நூல் நமக்குக் காட்டுகிறது. அந்த நூலைத்தான் இன்று ஆராய எடுத்துக்கொண்டோம்.

'அயல்நாடுகளின் ஒளிமிகு நினைவுகள்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். 1854-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த பயண நூல் அது. எழுதியவர் ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் அம்மையார். ஆம், தோழர்களே, 'டாம் மாமாவின் குடில்' தீட்டிய அதே அம்மையார்தான்! மனிதனைச் சந்தையிலே நிறுத்தி, பல்லைப் பிடித்துப் பார்த்து, மாட்டுக்கு விலை பேசுவது போல் விலை பேசிய கொடுமையை உலகத்தின் முன் வைத்து, உறங்கிய உள்ளங்களை உலுக்கியெழுப்பிய அந்தப் பெருமாட்டிதான்!

அவருடைய பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. அப்படி ஒரு நோக்கம் எவருக்கும் வரக்கூடாது. பாதிரியார் வீட்டில் பிறந்தவர். விவிலியப் பேராசிரியர் கால்வின் ஸ்டோவை 1836-இல் மணந்தவர். ஏழு பிள்ளைகளைப் பெற்றவர். ஆசிரியரின் சிறு ஊதியத்தில் குடும்பம் நடத்திக்கொண்டு, அடுக்களைக்கும் தொட்டிலுக்கும் இடையே கிடைத்த நேரத்தில் எழுதியவர். 1849-இல் ஒன்றரை வயது மகனைக் காலரா கொண்டு போயிற்று. பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தாய், பிள்ளையை விற்கப் பறிகொடுக்கும் அடிமைத்தாயின் துயரை அன்றுதான் தன் நெஞ்சிலே உணர்ந்தார். 1850-இல் அமெரிக்கப் பேரவை ஒரு சட்டம் செய்தது. தென்னாட்டிலிருந்து தப்பி வடக்கே வந்துவிட்ட அடிமையையும் பிடித்து ஆண்டையிடம் ஒப்படைக்க வேண்டும், புகலிடம் தந்தவனுக்கும் தண்டனை என்றது அந்தச் சட்டம். அச்சட்டத்துக்கு அம்மையார் தந்த விடைதான் 'டாம் மாமாவின் குடில்'. 1851 சூன் முதல் வாஷிங்டன் நகரத்து வார ஏடொன்றில் தொடராக வந்து, 1852 மார்ச்சில் நூலுருப் பெற்றது. அமெரிக்காவில் முதலாண்டில் மட்டும் 3 இலட்சம் படிகள் விற்றன. பிரிட்டனிலோ பத்து இலட்சத்துக்கும் மேல்! அயல்நாட்டு எழுத்தாளருக்கு அங்கே பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லாத காலம் அது. பதிப்பகத்தார் பலர் தாமே அச்சிட்டு விற்றுக்கொண்டனர். அம்மையாருக்கு அதனால் பொருள் சேரவில்லை, புகழ் சேர்ந்தது.

புகழ் அழைத்தது. கிளாஸ்கோ நகரத்து அடிமை ஒழிப்புச் சங்கத்து மகளிர் அழைப்பு விடுத்தனர். 1853 ஏப்ரலில் அம்மையாரும் அவர்தம் துணைவரும், தம்பி சார்லசு பீச்சர் முதலிய உறவினரும் லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கினர். அம்மையாருடைய புதிய நூல் அந்த ஆண்டில்தான் வந்திருந்தது. 'டாம் மாமாவின் குடிலுக்கு ஒரு திறவுகோல்' என்பது அதன் பெயர். முதல் நூல் கட்டுக்கதை, பொய், புனைசுருட்டு என்று தென்னாட்டு ஆண்டைகள் கூவினர் அல்லவா? அந்தக் கூச்சலை அடக்க எழுந்தது திறவுகோல். நீதிமன்றத் தீர்ப்புகள், சட்ட விதிகள், தப்பியோடிய அடிமையைப் பிடித்துத் தரச்சொல்லி ஆண்டைகளே கொடுத்த செய்தித்தாள் விளம்பரங்கள், கண்டவர் வாக்குமூலங்கள் ஆகியவற்றைத் திரட்டி, கதையில் தாம் சொன்ன ஒவ்வொன்றுக்கும் சான்று காட்டினார். 'நம்புங்கள்' என்று கேட்கவில்லை. 'இதோ சான்று, பாருங்கள்' என்றார். இது பகுத்தறிவாளர் பாராட்டும் பண்பு. இந்தப் பண்பை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னால் இதே உரைகல்லில்தான் அம்மையாரையும் உரைத்துப் பார்க்கப் போகிறோம்.

ஆறு வாரத்துக்கு மேல் அந்தத் தம்பதிகள் இணைந்து சென்ற பயணம், ஊர்வலம் போலவே நடந்தது. துறைமுகத்தில் கூட்டம், புகைவண்டி நிலையங்களில் கூட்டம், கிளாஸ்கோ, எடின்பரோ, அபர்தீன், டண்டீ என்று ஊர்தோறும் வரவேற்பு. ஏழை எளியவரும் தத்தம் பங்காக ஒவ்வொரு பென்னியாகத் திரட்டிய தொகை, எடின்பரோவில் 1,000 பொற்காசுகளாக வெள்ளித் தட்டில் வைத்து அம்மையாரிடம் வழங்கப்பட்டது. அடிமை ஒழிப்புக்கான நன்கொடை அது. உழைத்துச் சிவந்த கைகளிலிருந்து வந்த அந்தப் பென்னிகளுக்கு நாம் தலைவணங்குகிறோம்.

இனி, ஒரு விந்தையைக் கவனியுங்கள். இத்தனை கூட்டங்களிலும் நன்றியுரை நிகழ்த்தியவர் யார்? நூலை எழுதிய மனைவியல்லர், எழுதாத கணவர்! ஆடவரும் பெண்டிரும் கூடிய அவையில் பெண் எழுந்து பேசுவது அடக்கமாகாது என்பது அந்நாளைய நாகரிகம். அகிலமெல்லாம் கேட்கும்படி எழுதிய அம்மையார், அவையிலே வாய்திறவாது அமர்ந்திருக்க, கணவர் எழுந்து அவர் சார்பில் பேசினார். இலண்டன் மாளிகையொன்றில் இங்கிலாந்து மகளிரின் வரவேற்புரை படிக்கப்பட்டபோது, அதைப் படித்தவரும் ஒரு பெண்மணி அல்லர்; ஷாஃப்ட்ஸ்பரி பிரபு! பெண்கள் தரும் வரவேற்பு, பெறுபவர் பெண், தருவதற்கும் பெறுவதற்கும் நாக்கு மட்டும் ஆணுடையது! அடிமைத்தளை அறுக்கக் கூடிய கூட்டத்திலேயே இப்படி ஒரு தளை.

இது புதிதும் அன்று. 1840-இல் இலண்டனில் உலக அடிமை ஒழிப்பு மாநாடு கூடியபோது, அமெரிக்காவிலிருந்து முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டுச் சென்ற லுக்ரீஷியா மாட் முதலான பெண் பேராளர்களுக்கு மாநாட்டில் இடமில்லை என்று சொல்லி, ஒதுக்கமாக அமர வைத்தனர். அந்த அவமானத்திலே முளைத்த எண்ணந்தான் 1848-இல் செனிக்கா ஃபால்சு என்னும் ஊரில் பெண்ணுரிமை மாநாடாக வளர்ந்தது. அம்மையார் பிரிட்டனுக்குப் போனது அதற்கும் ஐந்தாண்டுகளுக்குப் பிறகு. ஆயினும் அவர் அந்த வழக்கத்தை மீறவில்லை. அவரைக் குறை சொல்வதைவிட, அவரைப் போன்றவரையும் அடக்கி வைத்த வழக்கத்தைக் குறை சொல்வதே முறை. ஆகவே அதை இத்துடன் விடுத்து, அவருக்குத் தடையின்றிக் கிடைத்த ஒரே மேடைக்கு, அதாவது அவருடைய நூலுக்கு வருவோம். கூட்டத்தில் கணவர் பேசினார். நூலில் மனைவி பேசினார். இருவரும் எதைப் பேசினர் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் கணவர். 1853 மே 16-ஆம் நாள், இலண்டன் எக்செட்டர் மண்டபத்தில் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் பெருங்கூட்டம். மண்டபம் நிறைந்த மக்கள். அமெரிக்க ஆண்டைகளைத் திட்டினால் கைத்தட்டல் இடிபோல் எழும். மனைவியின் நூலைப் புகழ்ந்தவர்களுக்கு நன்றி கூறிவிட்டு அமர்ந்தால் மாலை விழும். பேராசிரியர் கால்வின் ஸ்டோவ் அப்படிச் செய்யவில்லை. பருத்தியைப் பற்றிப் பேசினார்! அமெரிக்க அடிமை விளைக்கும் பருத்தியை வாங்கி நூற்று நெய்து பொருள் குவிப்பது யார்? இங்கிலாந்தின் ஆலைகள் அல்லவா? பருத்திக்குச் சந்தை இருக்கும் வரை அடிமைக்கும் சந்தை இருக்கும். ஆதலால் இந்தப் பாவத்தில் உங்களுக்கும் பங்குண்டு. உங்கள் இலாபத்தில் ஒரு சிறு பகுதியை இழக்க ஆயத்தமா என்று கேட்டார். அழைத்தவர் வீட்டில் நின்றுகொண்டு, அழைத்தவர் குற்றத்தை எடுத்துச் சொன்னார். பலருக்கு அது சுவைக்கவில்லை. சுவைக்காது! கண்ணாடியைத் திருப்பிக் காட்டினால் யாருக்குத்தான் சுவைக்கும்?

கடவுள் நூலைக் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவர் அந்தப் பேராசிரியர். அவருடைய சமயக் கருத்துகளில் நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அன்று அவர் பேசியது வானத்தைப் பற்றியன்று, வாணிகத்தைப் பற்றி. கொடுமைக்கு வேர் பொருளாதாரத்தில் இருக்கிறது என்று, அந்த வேர் ஊன்றியிருந்த மண்ணிலேயே நின்று சொன்னார். அந்தத் துணிவை நாம் மதிக்கிறோம்.

இனி மனைவி. எக்செட்டர் மண்டபக் கூட்டத்துக்கு ஒன்பது நாள் முன்னர், மே 7-ஆம் நாள், இலண்டன் ஸ்டாஃபோர்டு மாளிகையில் அவருக்குப் பெருவிருந்து நடந்தது. ஷாஃப்ட்ஸ்பரி பிரபு வரவேற்புரை படித்தது அங்கேதான். மாளிகைக்குரியவர் சதர்லாந்துச் சீமாட்டி. அமெரிக்க மகளிரே, அடிமைமுறையை ஒழியுங்கள் என்று பிரிட்டனின் பெண்கள் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு விடுத்த வேண்டுகோள் உருவானதும் அந்த மாளிகையில்தான். 26 பெருந்தொகுதிகளாகக் கட்டப்பட்ட கையொப்பங்கள்! அம்மையாருக்குச் சீமாட்டி ஒரு பொற்காப்பு பரிசளித்தார். அடிமையின் விலங்கைப் போலச் சங்கிலிக் கண்ணிகளாகச் செய்த காப்பு. பிரிட்டன் அடிமை வாணிகத்தை ஒழித்த 1807-ஆம் ஆண்டின் நாள் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. மற்றக் கண்ணிகளில் அமெரிக்க விடுதலை நாள்கள் பொறிக்கப்பட வேண்டும் என்பது விருப்பம். பின்னாளில் அவ்வாறே பொறிக்கவும் பெற்றன. அழகிய பரிசுதான், நல்ல கருத்துடைய பரிசுதான். ஆனால் அந்தப் பொன் எந்த வயலிலிருந்து வந்தது?

ஸ்காட்லாந்தின் வடகோடியில் இருக்கிறது சதர்லாந்து. அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடியானவர்கள் உழுது, கால்நடை வளர்த்து, கேலிக் மொழி பேசி வாழ்ந்திருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நிலத்துக்குரிய குடும்பத்தார் ஒரு கணக்குப் போட்டனர். மனிதன் குடியிருந்தால் வரும் குத்தகையைவிட, செம்மறியாடு மேய்ந்தால் வரும் வருவாய் மிகுதி! கணக்கு முடிந்தது, குடியெழுப்பல் தொடங்கிற்று. கூரைகளுக்குத் தீ வைத்தனர். 1814 முதல் 1820 வரை ஏறத்தாழ 3,000 குடும்பங்களைச் சேர்ந்த 15,000 மக்கள் துரத்தப்பட்டனர் என்றும், 1825 அளவில் அவர்கள் இருந்த இடத்தில் 1,31,000 ஆடுகள் மேய்ந்தன என்றும் கார்ல் மார்க்சு எடுத்துக்காட்டினார். மலைப்பள்ளத்தாக்கில் உழுதவனைக் கடற்கரைப் பாறைக்குத் தள்ளி, மீன் பிடித்துப் பிழைத்துக்கொள் என்றனர். ஏறக்குறைய 100 வயதான மூதாட்டி ஒருவர் படுத்திருந்த வீட்டுக்கும் தீ வைக்கப்பட்டது. தூக்கி வெளியே கிடத்தப்பட்ட அவர் சில நாளில் இறந்தார். பண்ணைக் காரியக்காரர் பாட்ரிக் செல்லர் மீது வழக்கு வந்தது. 1816-இல் இன்வர்னஸ் நகரில், நிலவுடைமையாளர் நிறைந்த நடுவர் குழுவின் முன் விசாரணை. தீர்ப்பு என்ன என்று சொல்லவும் வேண்டுமோ? விடுதலை!

இதை அம்மையார் அறியாரோ என்று கேட்கலாம். அறிவார். மார்க்சு அந்தக் கட்டுரையை எழுதியது 'நியூயார்க் டெய்லி டிரிபியூன்' ஏட்டில். வெளிவந்த நாள் 1853 பிப்ரவரி 9. அம்மையார் கப்பலேறுவதற்கு ஏறத்தாழ ஏழு வாரங்களுக்கு முன்! அவருடைய நாட்டிலேயே, அவர் படிக்கும் மொழியிலேயே. அமெரிக்க ஏடுகளில் சீமாட்டியைப் பற்றி இத்தகைய செய்திகள் வந்தன என்பதை அம்மையாரே தம் நூலில் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டு, அவை நகைப்புக்குரிய கதைகள் என்று தள்ளுகிறார். தள்ளியதோடு நின்றாரா? சதர்லாந்தில் நடந்தது, செல்வமும் அதிகாரமும் படைத்தோர் பின்தங்கிய ஒரு மக்கள் கூட்டத்தைச் சில ஆண்டுகளிலேயே நாகரிகத்துக்கு உயர்த்திவிட்ட அருட்செயல் என்று நற்சான்றும் வழங்குகிறார்! தீயிட்டது சீர்திருத்தமாம், துரத்தியது தொண்டாம்!

சரி, சான்று? திறவுகோல் எழுதியவர் ஆயிற்றே, சான்றில்லாமல் சொல்வாரா? சான்று காட்டுகிறார். யாருடைய சான்று? ஜேம்சு லாக் என்பாருடைய அறிக்கை. யார் அந்த லாக்? சதர்லாந்துப் பண்ணையின் தலைமைக் காரியக்காரர்! குடியெழுப்பலை நடத்திய நிருவாகத்தின் தலைவரே அந்தக் குடியெழுப்பல் நல்லதென எழுதி வைத்த கணக்கு. அதை எடுத்துப் பக்கம் பக்கமாகச் சேர்த்துவிட்டு, இதோ உண்மை என்கிறார் அம்மையார்.

நாம் கேட்கிறோம்: வர்ஜீனியாவிலோ லூசியானாவிலோ உள்ள பருத்திப் பண்ணையின் கங்காணி, எங்கள் அடிமைகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், அவர்களுக்கு வீடு கொடுத்தோம், துணி கொடுத்தோம், நாகரிகம் கொடுத்தோம் என்று ஓர் அறிக்கை எழுதி நீட்டியிருந்தால், திறவுகோல் எழுதிய அம்மையார் அதை ஏற்றிருப்பாரா? கிழித்தெறிந்திருப்பார்! அடிமையைக் கேட்போம், அவன் முதுகிலுள்ள தழும்பைக் கேட்போம் என்றிருப்பார். அதே அம்மையார் சதர்லாந்தில் எந்தக் குடியானவனைக் கேட்டார்? எந்தக் கருகிய சுவரைப் பார்த்தார்? அந்த 1853 பயணத்தில் அவர் சதர்லாந்து மண்ணில் கால் வைக்கவே இல்லை. மாளிகை விருந்திலே அமர்ந்து, மலைநாட்டுக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அமெரிக்காவுக்கு ஒரு துலாக்கோல், அயல்நாட்டுக்கு ஒரு துலாக்கோல்! இந்த நூலின் ஒரே பெருங்குற்றம் இதுதான். மற்றவை சிறு குறைகள். எல்லாம் ரோசா நிறமாகவே இருக்கிறதே என்று யாரேனும் கேட்டால், இனிய பயணத்தின் இனிய நினைவுகள் வேறெப்படி இருக்கும் என்று முன்னுரையிலேயே சமாதானம் சொல்லி வைத்திருக்கிறார். ஓவியங்களையும் கோயில்களையும் பற்றி ரோசா நிறத்தில் எழுதட்டும், நமக்குத் தடையில்லை. ஆனால் எரிந்த கூரையின் நிறம் ரோசா அன்று.

அவர் கேட்காத குடியானவன் வாய்மூடி இருக்கவில்லை என்பது வரலாற்றின் நற்பேறு. டொனால்டு மக்லியோடு என்று ஒருவர், கல்தச்சர், ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் பிறந்தவர். 1819-இல் இரவிலே குன்றேறி நின்று, 250 வீடுகள் எரிவதை எண்ணியதாக எழுதியவர். 1830-இல் அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, அவர் மனைவி மக்களையும் வீட்டைவிட்டு வெளியேற்றினர். அவர் கண்டதையெல்லாம் எடின்பரோ ஏடொன்றில் மடல்களாக எழுதி, 1841-இல் சிறு நூலாகவும் வெளியிட்டார். அம்மையார் வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அச்சேறிய சான்று! பின்னர் கனடாவுக்குக் குடியேறிய அவர், அம்மையாரின் 'ஒளிமிகு நினைவுகள்' கண்டு கொதித்து, தம் நூலை விரித்தெழுதி 1857-இல் வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர்: 'ஸ்காட்லாந்து மலைநாட்டின் இருள்மிகு நினைவுகள்'. பெயரே மறுப்பு! அவர் மொழியில் நயம் குறைவு, சினம் மிகுதி. ஆனால் எரிந்த வீட்டுக்காரன் எழுதினால் புகைநெடி வரத்தான் செய்யும்.

மக்லியோடு இன்னொன்றையும் பதிவு செய்கிறார். குடியெழுப்பலின்போது அவ்வூர்ப் பாதிரிமார் பெரும்பாலும் யார் பக்கம் நின்றனர் என்பதை. இந்தத் துன்பம் உங்கள் பாவத்துக்கு ஆண்டவன் தந்த தண்டனை, எதிர்த்தால் நரகம் என்று ஏழைகளை அடக்கினராம். அமெரிக்கத் தென்னாட்டிலோ, அடிமையே ஆண்டைக்குப் பணிந்திரு என்று வேதத்தைக் காட்டிப் போதித்தனர். இரண்டு நாடு, இரண்டு கொடுமை, போதனை ஒன்று! தம் நாட்டுப் போதகரின் அந்தப் போக்கைத் திறவுகோலில் சாடிய அம்மையார், சதர்லாந்துப் போதகரை மட்டும் காணவில்லை.

கேட்கப்படாத குரல் ஸ்காட்லாந்தில் மட்டுமா இருந்தது? ஹாரியட் ஜேக்கப்சு என்ற பெண்மணி, அடிமையாகப் பிறந்து, ஏறத்தாழ ஏழாண்டுக் காலம் நிமிர்ந்து நிற்கவும் இடமில்லாத பரண் பொந்தில் ஒளிந்திருந்து தப்பியவர். அம்மையார் இங்கிலாந்துக்குப் புறப்படுகிறார் எனக் கேள்விப்பட்டு, தம் மகளையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டினார். அம்மையார் மறுத்தார், இங்கிலாந்தார் அளவுக்கு மீறிக் கொண்டாடி அந்தப் பெண்ணைக் கெடுத்துவிடுவர் என்று காரணம் சொன்னார். கொண்டாட்டம் கெடுக்கும் என்பது அம்மையாருக்குத் தெரிந்திருக்கிறது! அடிமைத்தாயின் மகளுக்கு அது ஆகாது என்றும் தெரிந்திருக்கிறது. தமக்கு மட்டும் ஆகும் என்று எண்ணிவிட்டார். ஜேக்கப்சு தம் கதையைத் தாமே எழுதி 1861-இல் வெளியிட்டார். மக்லியோடும் ஜேக்கப்சும் நமக்குச் சொல்லும் பாடம் ஒன்றே: பாதிக்கப்பட்டவன் தன் வரலாற்றைப் பிறர் எழுதித் தருவார் என்று காத்திருக்கலாகாது.

அம்மையாருக்காக வாதாடுவோர் சொல்வதையும் கேட்போம். சீமாட்டி தாமே தீ வைக்கவில்லையே, நடந்தது அவர் மாமியார் காலத்தில் அல்லவா என்பர். உண்மை, அந்த உண்மையை மறைப்பது நமக்கு அழகன்று. சீமாட்டியைக் கூண்டிலேற்றச் சொல்லி யாரும் அம்மையாரைக் கேட்கவில்லை. குற்றமே நடக்கவில்லை என்று கையொப்பமிட வேண்டாம் என்பதுதான் நாம் சொல்வது.

விருந்தோம்பியவரைப் பழிப்பது பண்பா என்பர். பழிக்க வேண்டா, பேசாமல் இருந்திருக்கலாமே! வாய்மூடியிருப்பது விருந்தினரின் பண்பு என்று கொள்வோம். பொய்ச்சான்று வழங்குவது எந்தப் பண்பு?

சதர்லாந்துக் கொடுமையை ஒப்புக்கொண்டால், அடிமை ஆண்டைகளுக்கு அது ஆயுதமாகிவிடுமே என்பர். இந்த வாதத்தில் வலிமை உண்டு. முன்னாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டைலரின் மனைவி, உங்கள் நாட்டு ஏழைகளைப் பாருங்கள், எங்கள் அடிமைகளைப் பற்றிப் பேசாதீர்கள் என்ற பொருள்பட 1853-இல் சதர்லாந்துச் சீமாட்டிக்கு மறுப்பு எழுதியிருந்தார். ஆனால் ஒரு கொடுமைக்கு மறு கொடுமை ஈடாகாது. இங்கேயும் தீமை, அங்கேயும் தீமை, இரண்டும் ஒழிக என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். கணவர் எக்செட்டர் மண்டபத்தில் அதைத்தானே செய்தார்? அவர் பருத்தியைப் பற்றிப் பேசியதால் அடிமை ஒழிப்பு இயக்கம் அழிந்துவிட்டதா?

அழியவில்லை என்பது மட்டுமல்ல. அவர் கேட்ட கேள்விக்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு விடையும் வந்தது. எங்கிருந்து வந்தது தெரியுமா? 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. தென்னாட்டுத் துறைமுகங்கள் அடைபட்டன. பருத்தி வரவில்லை, லங்காஷயர் ஆலைகள் நின்றன, தொழிலாளர் குடும்பங்கள் பட்டினியில் வாடின. அந்த நேரத்தில் இங்கிலாந்தின் மேட்டுக்குடியினர் பலர் தென்னாட்டு ஆண்டைகளுக்குப் பரிந்து பேசினர். விலக்காக நின்றோரும் உண்டு. சதர்லாந்துச் சீமாட்டியின் மருமகனான ஆர்கைல் கோமகன் வடக்கின் பக்கமே நின்றார். அம்மையார் மனம் நொந்து, அன்று 5 இலட்சம் கையொப்பமிட்ட நீங்கள் இன்று எங்கே என்று கேட்பது போல, 1863 சனவரியில் 'அட்லாண்டிக்' ஏட்டில் பிரிட்டன் மகளிருக்குத் திறந்த மடல் எழுத வேண்டியதாயிற்று. ஆனால் அதற்குச் சில நாள் முன்பு, 1862 டிசம்பர் 31-ஆம் நாள், மான்செஸ்டரில் தொழிலாளர் திரண்டு கூடி, அடிமை விடுதலையை ஆதரித்து லிங்கனுக்கு மடல் அனுப்பினர். பருத்தி வராமல் பட்டினி கிடப்பவர்கள்! 1863 சனவரி 19-இல் லிங்கன் அவர்களுக்கு நன்றி தெரிவித்து விடை எழுதினார். இலாபத்தில் சிறுபகுதியை இழக்க ஆயத்தமா என்று பேராசிரியர் கேட்டாரே, முழுக் கூலியையும் இழந்து நின்று விடை சொன்னவன் நெசவாலைத் தொழிலாளி! பென்னி கொடுத்தவன் கடைசிவரை நின்றான். பொற்காப்பு தந்தவர் வகுப்பிலே பலர் வழுவினர். அம்மையாரின் நூல் எந்தப் பக்கத்துக்கு ஒளியூட்டியது என்பதை எண்ணிப் பாருங்கள்.

1856-இல் அம்மையார் மறுபடியும் கணவருடன் அயல்நாடு சென்றார். 'டிரெட்' என்ற அடுத்த புதினத்துக்கு இங்கிலாந்தில் பதிப்புரிமை பெறுவதற்கான பயணம். இம்முறை சதர்லாந்துக்கும் போனார். தங்கியது டன்ராபின் கோட்டையில், சீமாட்டியின் விருந்தினராக! கோட்டைச் சாளரத்திலிருந்து பார்த்தால் தோட்டமும் கடலும் தெரியும். எரிந்த ஊர்கள் தெரியா.

அமெரிக்காவில் நடந்தது நமக்கென்ன என்று தோழர் எவரும் எண்ணிவிடலாகாது. 1873-இல் சோதிராவ் புலே, சாதிக்கொடுமையைச் சாடித் தாம் எழுதிய 'குலாம்கிரி' என்னும் நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கே உரிமையாக்கினார். அந்த விடுதலைப் போரின் சொத்தில் இங்குள்ள ஒடுக்கப்பட்டோருக்கும் பங்குண்டு என்று அன்றே கண்டவர் அவர். பங்கு நமக்கு உண்டென்றால், அதன் குறைகளை ஆராயும் பொறுப்பும் நமக்கு உண்டு.

'டாம் மாமாவின் குடில்' படியுங்கள், 'திறவுகோல்' படியுங்கள், 'ஒளிமிகு நினைவுகள்' நூலையும் படியுங்கள், அதற்குப் பக்கத்திலேயே 'இருள்மிகு நினைவுகள்' நூலை வைத்துக்கொண்டு படியுங்கள். எதிரியின் குற்றத்தைக் காண எல்லாருக்கும் கண் உண்டு. நமக்கு மாலை சூட்டியவரின் குற்றத்தைக் காண்பதுதான் கடினம். எழுதுவது அதனினும் கடினம். நாளை உங்களில் சிலர் எழுத்தாளராவீர்கள், மேடையேறுவீர்கள், புதிய நூலைக் கையிலேந்தி ஊர் ஊராகச் செல்வீர்கள். மாளிகைக் கதவுகள் திறக்கும். உள்ளே செல்ல வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சென்றால், ஸ்டோவ் தம்பதிகளில் மனைவியைப் போல் எழுதுங்கள். கணவரைப் போல் கேளுங்கள். மாளிகைக்காரர் தரும் கணக்கை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் கையொப்பமிடுவதற்கு முன், அவருடைய வயலில் உழுதவனிடம் ஒரு நாள் தங்கிவிட்டு வாருங்கள்.